மால்தெவிதான் யார் வீட்டுச் சாமி?

சில வருடங்களுக்கு முன் வேடசந்தூரில் நடந்த ஒரு தெருமுனைக் கூட்டத்தில் ஒரே பேச்சாளர் அடுத்தடுத்து இரண்டு வாக்கியங்களைச் சொன்னார். 'மொரீஷியஸிலும் ரெயூனியனிலும் வாழும் நம் தொப்புள்கொடி உறவுகள் தமிழ் பேச மறந்திருக்கலாம், ஆனாலும் அவர்கள் தமிழர்கள்' என்பது முதலாவது. 'இங்கே வெளியில் தமிழும் வீட்டுக்குள் தெலுங்கும் பேசுகிறவன் வந்தேறி' என்பது இரண்டாவது. நடுவில் ஒரு மடக்கு சோடா. இரண்டுக்கும் கைதட்டு விழுந்தது. முதல் வாக்கியத்துக்கு நானும் தட்டினேன். இரண்டாவதற்குத் தூக்கிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு.

நாங்கள் அருந்ததியர். எங்கள் தெலுங்குக்கு எழுத்து கிடையாது. அதாவது எங்களில் யாருக்கும் தெலுங்கு எழுதவோ படிக்கவோ தெரியாது. விஜயவாடாவிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருத்தர் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு 'இது என்ன பாஷை?' என்று தமிழில் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எண்ணுவது தமிழில், கணக்குப் பார்ப்பது தமிழில், வினைச்சொல் பெரும்பாலும் தெலுங்கில், திட்டுவது இரண்டிலும். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் என் கட்டுரை நோட்டைத் தூக்கிக் காட்டி 'கலப்படப் பால்' என்று வகுப்பையே சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு அதுவும் ஒரு காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையான ஆய்வை எதிர்பார்க்கும் நண்பர்கள் மன்னிக்கவும்.

அந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குள் எழுந்தது ஒரு சாதாரணக் கேள்விதான். ஒருவன் தமிழே பேசுவதில்லை, அவன் தமிழன். இன்னொருவன் நாள் பூராவும் தமிழ் பேசுகிறான், அவன் தமிழன் இல்லை. அப்படியென்றால் இங்கே அளவுகோல் மொழி இல்லை. மொழியின் பெயரில் வேறேதோ அளக்கப்படுகிறது. அது என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த முதல் வாக்கியத்தில் வந்த மனிதர்களைப் பற்றி, தமிழை 'மறந்தவர்கள்' என்று சொல்லப்பட்டவர்களைப் பற்றி, கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். அவர்கள் பேசுவதற்கு ஒரு பெயர் இருக்கிறது: கிரியோல்.

கிரியோல் என்ற சொல் 'வளர்ப்பது' என்ற பொருளுள்ள ஒரு போர்த்துக்கேய வேரிலிருந்து வந்தது. காலனியில் பிறந்து அங்கேயே வளர்ந்த ஆளுக்கு, அடிமைக்கு, கால்நடைக்குக்கூட, அந்தப் பெயர் வைத்தார்கள். பிறகு அவர்கள் பேசிய பேச்சுக்கும் அதே பெயர் வந்தது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரெயூனியன், மொரீஷியஸ் தீவுகளில் ஐரோப்பியர் கால் வைத்தபோது மனிதர்கள் யாரும் குடியிருக்கவில்லை. பூர்வகுடி என்று ஒருத்தர்கூட இல்லாத மண். எல்லாரும் வந்தேறிகள்தான். பிரெஞ்சுக்காரர்கள் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். நம் பக்கத்திலிருந்தும்தான். புதுச்சேரியில் ஆள்பிடித்து, அடைத்து வைத்து, கப்பலேற்றி அடிமைகளாக விற்ற சங்கதி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே வருகிறது. 1730களில் துறைமுகம் கட்டுவதற்காகப் புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தர்களும் தச்சர்களும் போர்ட் லூயிக்குப் போனார்கள். அவர்கள் குடியிருந்த இடத்துக்கு 'மலபார் முகாம்' என்று பெயர். (தமிழனை மலபார் என்பது அன்றைய ஐரோப்பிய வழக்கம். ரெயூனியனில் இன்றும் தமிழ் வம்சாவளியினரை 'மல்பார்' என்றுதான் சொல்கிறார்கள்.) இத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. சாட்டையைப் பிடித்திருந்தவனிடம் மட்டும் ஒரு மொழி இருந்தது. அந்த மொழியிலிருந்து சொற்களைப் பிடுங்கி, தங்கள் தங்கள் வாயில் போட்டு மென்று, அவனுக்கே புரியாத வேறொரு மொழியை அவர்கள் செய்தார்கள்.

'உடைந்த பிரெஞ்சு' என்று இதைப் பிரெஞ்சுக்காரர்கள் சொன்னார்கள். நம் பேராசிரியர்களும் கொச்சை என்றே சொல்வார்கள். கொஞ்சம் உற்றுக் கேட்போம். மொரீஷியஸ் கிரியோலில் 'மோ' என்றால் நான், 'மான்ஸே' என்றால் சாப்பிடு. 'மோ தி மான்ஸே' - நான் சாப்பிட்டேன். 'மோ பே மான்ஸே' - சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 'மோ பூ மான்ஸே' - சாப்பிடுவேன். 'மோ ஃபின் மான்ஸே' - சாப்பிட்டு முடிச்சுட்டேன். பிரெஞ்சு வினைச்சொல்லின் நூறு விகுதிகளையும் உதறிவிட்டு நாலு சின்னச் சொற்களால் காலம் முழுவதையும் கட்டி ஆண்டிருக்கிறார்கள். 'ஃபின்' என்பது முடிதல் என்ற பிரெஞ்சு வினை. நாம் 'முடிச்சுட்டேன்' என்கிறோமே, அதே வேலையைத்தான் அது செய்கிறது. 'லி' என்றால் அவன், 'லி' என்றால் அவள். ஆண் பெண் பேதம் கிடையாது, மரியாதை விகுதியும் கிடையாது. அவர்கள், அவுக, அவன், அது என்று ஒவ்வொரு வாயசைப்பிலும் எதிரில் நிற்பவனின் சாதியை எடை போட்டுப் பேசிப் பழகிய எனக்கு இந்த 'லி' கொஞ்ச நேரம் புரியவே இல்லை. புரிந்தபோது பொறாமையாக இருந்தது.

1835இல் மொரீஷியஸிலும் 1848இல் ரெயூனியனிலும் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புக்கு ஆள் வேண்டுமே. ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். மொரீஷியஸுக்கு மட்டும் 1834இல் தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறக்குறைய நாலரை லட்சம் பேர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ரெயூனியனுக்கு. அங்கிருந்தும் தாண்டி அட்லாண்டிக்கின் மறுகரைக்கு. ஒரேலி என்ற கப்பல் 1853இல் மார்த்தினிக்கிலும் 1854இல் குவாதலூப்பிலும் முதல் தொகுதிக் கூலிகளை இறக்கியது. தோட்டங்களில் நடந்த கொடுமை தாங்காமல் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை 1882இல் பிரிட்டிஷ் அரசாங்கமே நிறுத்த வேண்டியிருந்தது. பிரிட்டிஷ்காரன் பொறுக்க முடியாத அளவு என்றால் அது எந்த அளவு என்று யோசித்துக்கொள்ளலாம்.

இந்த ஜனங்களைப் பற்றித் தமிழ் இலக்கியம் என்ன சொல்லியிருக்கிறது? நமக்கு உடனே ஞாபகம் வருவது இரண்டு பிரதிகள். பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே', புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். பாரதி பிஜித் தீவைப் பார்த்ததில்லை. பத்திரிகைச் செய்திகளிலிருந்து அவர் கேட்டது அழுகையை. அந்தத் தோட்டத்துப் பெண் அழுகிறாள். காற்றுகூட அவள் அழுகையைச் சுமந்து வருகிறது. அவள் பக்கத்து வரிசையில் நிற்கும் வேறு ஊர்க்காரியிடம் என்ன பேசுகிறாள்? எந்த மொழியில் கங்காணியைக் கிண்டல் செய்கிறாள்? குழந்தையை எந்தச் சொல்லால் அதட்டுகிறாள்? அழுகைக்கு மொழி தேவையில்லை என்பதால் கவிதைக்குள் அவளுக்கு மொழியே கொடுக்கப்படவில்லை. கற்புக்கு வந்த ஆபத்தாகவும் தேசத்துக்கு வந்த அவமானமாகவும் மட்டும் அவள் அங்கே நிற்கிறாள். புதுமைப்பித்தனின் காது இன்னும் கூர்மையான காது. மருதி பேசுவாள், எதிர்த்தும் பேசுவாள். ஆனால் அவரும் தேயிலைத் தோட்டத்தை ஒரு கிணறாகத்தான் பார்க்கிறார். விழுந்தால் விழுந்ததுதான். விழுந்தவர்கள் அடியில் சேர்ந்து எதையாவது உண்டாக்கியிருப்பார்களோ என்ற சந்தேகம் அந்தக் கதையாடலுக்குள் நுழைவதில்லை.

இலங்கை வேறு, மொரீஷியஸ் வேறு என்று யாராவது சொல்லலாம். சரிதான், அந்த வேறுபாட்டையும் பார்த்துவிடுவோம். இலங்கை மலையகத்துக்குக் கங்காணி ஆள் சேர்த்தான். சொந்தம், சாதி, ஊர் என்று கூட்டம் கூட்டமாகப் போனார்கள். போன இடத்திலும் லயத்துக்கு லயம் அதே ஊர்ப் பேச்சு. ஆகவே தமிழ் நின்றது; கூடவே சாதியும் நின்றது. கடல் கடந்த ஒப்பந்தமுறை வேறு மாதிரி. துறைமுகக் கொட்டடியில் எல்லாச் சாதியையும் ஒன்றாக அடைத்து, ஒரே கப்பலில் ஏற்றி, இறங்கிய இடத்தில் தோட்டம் தோட்டமாகப் பிரித்து வைத்தார்கள். பிரிட்டிஷ் காலனிகளில் நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். மிச்சப்பேர் யாரோடு குடும்பம் நடத்தினார்கள்? விடுதலையான அடிமைகளின் பெண்களோடும்தான். அந்தப் பிள்ளைகளின் தாய்மொழி, எழுத்துக்கு எழுத்து தாயின் மொழி, கிரியோல். இதற்கு 'மொழி இழப்பு' என்று பெயர் வைப்பது அப்பன் பக்கத்திலிருந்து மட்டும் கணக்கெழுதுவது. ஒரு குழந்தை தன் தாயின் மொழியில் பேசுவதை இழப்பு என்று சொல்ல நமக்கு எங்கிருந்து வந்தது துணிச்சல்?

இழந்தார்கள் என்று சொல்லும்போது போட்டு வைத்ததையும் பார்க்கணும். ரெயூனியன், மொரீஷியஸ் வீடுகளில் தினம் சாப்பாட்டோடு வரும் 'ருகாய்' நம் ஊறுகாய். 'கறி' கறிதான். முருங்கைக்கீரை அங்கே 'ப்ரெத் முரும்'. ரெயூனியனில் தீ மிதிக்கும் திருவிழாவில் பாஞ்சாலி 'பாந்தியலே' ஆகிறாள். தெருக்கூத்து 'தமிழ் பால்' என்ற பெயரில் விடிய விடிய நடந்திருக்கிறது. 'பால்' என்றால் பிரெஞ்சில் நடனக் கூட்டம். மார்த்தினிக், குவாதலூப் கோயில்களில் மாரியம்மன் 'மாலியெமின்'. நாகூர் ஆண்டவர் 'நாகூர்மிரா'. கடலில் காப்பாற்றியவர் என்பதால் இந்து முறைச் சடங்கிலேயே அவருக்கும் கொடி ஏறுகிறது. (நம்மூரில் இதைச் சொன்னால் இன்று எத்தனை பேருக்கு வலிக்கும்!) வேப்பிலை 'வெப்பெலே'. மத்தளம் 'மத்தலோன்'. இன்னொரு சாமி, குதிரைமேல், கையில் வாளோடு. பெயர் 'மால்தெவிதான்'.

மால்தெவிதானை நான் அடையாளம் கண்டுகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மதுரைவீரன். எங்கள் தெருக் கோடியில் வேம்படியில் நிற்கிறானே, அவன்தான். காட்டில் கிடந்த பிள்ளையைச் சக்கிலியத் தம்பதி எடுத்து வளர்த்தார்கள் என்று கதைப்பாடல் சொல்லும், பாளையக்காரன் மகள் பொம்மியைக் கூட்டிக்கொண்டு போன, அரசனால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன். பல சாதியாரும் அவனைக் கும்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அவனை வைத்து யார் கப்பலேறினார்கள் என்று முடிவு கட்டிவிட முடியாது என்பதும் தெரியும். ஆனால் மாளிகைச் சாமிகளை விட்டுவிட்டு வாசல் காக்கும் சாமி ஒன்று அட்லாண்டிக் வரைக்கும் போய்ப் பெயர் மாறி நிற்கிறது என்றால், போனவர்களின் மூட்டையில் என்ன இருந்தது என்பதற்கு அது ஒரு சாட்சி. அங்கே பூசாரி பாடும் தமிழ்ப் பாட்டுக்குப் பாடுகிறவருக்கே பொருள் தெரியாமல் இருப்பதும் உண்டு. அதைக் கேட்டு நம் அறிஞர்கள் கண்ணீர் விடுகிறார்கள். கோயிலில் சமஸ்கிருதம் ஓதுகிற ஆளுக்குப் பொருள் தெரியாதபோது யாரும் அழுததில்லை.

உலக மொழிகளுக்குத் தமிழ் தந்த கொடை என்று பள்ளி ஆண்டு மலர்களில் ஒரு பட்டியல் வரும். கறி, கட்டுமரம், மிளகுதண்ணி, சுருட்டு. 'கூலி'யும் நம்முடையதுதான் என்று ஒரு கட்சி உண்டு. பட்டியலில் எப்போதும் விட்டுப்போகிற ஒரு சொல் இருக்கிறது: பறையா. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் 'சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன்' என்பதற்கு அதுதான் சொல். நாம் உலகத்துக்குக் கொடுத்ததிலேயே அதிகம் புழங்குகிற சொல் ஒருவேளை அதுவாகவே இருக்கலாம்.

இனி மொரீஷியஸுக்குள் போவோம். அங்கே 'கிரியோல்' என்றால் மொழி மட்டும் இல்லை, ஒரு மக்கள் கூட்டமும்தான்: அடிமைகளின் வழித்தோன்றல்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், ஏணியின் கடைசிப் படியில் இருப்பவர்கள். 1968இல் சுதந்திரம் வந்தபோது அரசியல் சட்டம் இந்து, முஸ்லிம், சீனர் என்று மூன்று சமூகங்களைப் பெயர் சொல்லி அங்கீகரித்தது. மற்றவர்கள் எல்லாம் 'பொது மக்கள் தொகை'. அதாவது மிச்சம். பள்ளிக்கூடத்தில் 'பூர்வீக மொழி' என்று ஒரு பாடம் வந்தது. இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, மாண்டரின், அரபி. வீட்டில் கிரியோல் பேசும் தமிழ்ப் பிள்ளை பள்ளியில் பூர்வீக மொழியாகத் தமிழ் படித்தது. வீட்டில் கிரியோல் பேசும் கிரியோல் பிள்ளைக்கோ பூர்வீக மொழி என்று ஒன்று இல்லை. 2011 கணக்கெடுப்பில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வீட்டு மொழி கிரியோல் என்றார்கள். எல்லோரும் பேசுவதாலேயே அது யாருக்கும் சொந்தமில்லாத மொழியாகிவிட்டது. விருப்பப் பாடமாக அது பள்ளிக்குள் நுழைந்தது 2012 ஜனவரியில். நாடு சுதந்திரமடைந்து 44 வருஷம் கழித்து.

இங்கேதான் நமக்குக் கொஞ்சம் கசக்கும். 1998இல் மொரீஷியஸ் புது ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. அதுவரை ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழ், அதற்குப் பின் இந்தி என்று இருந்த வரிசை மாறி இந்தி மேலே ஏறியது. தமிழர்கள் கிளர்ந்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு 1999இல் பழைய வரிசையோடு வேறு நோட்டுகள் வந்தன. தமிழ்நாட்டுத் தமிழ்ப்பற்றாளர் மேடைகளில் இது வெற்றிக்கதை. சிறுபான்மையாக இருந்துகொண்டு பெரும்பான்மையை எதிர்த்து நின்றார்கள், அதில் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சண்டையைத் தெருவில் எந்த மொழியில் போட்டிருப்பார்கள்? பெரும்பாலும் கிரியோலில்தான் போட்டிருக்க முடியும். அந்த மொழி அந்த நோட்டில் முதலாவதாகவும் இல்லை, மூன்றாவதாகவும் இல்லை. அதற்கு இடம் கேட்டு அன்று கடை அடைப்பு நடக்கவில்லை.

அதே காலகட்டத்தில், 1999 பிப்ரவரி 21 அன்று, காயா என்ற பாடகர் போலீஸ் காவலில் செத்துப்போனார். அடிமைகளின் சேகா இசையையும் ஜமைக்காவின் ரெகேயையும் கலந்து 'செகே' என்ற வடிவத்தைப் பரப்பியவர், கிரியோலில் பாடியவர், கிரியோல் இளைஞர்களின் குரல். தீவு சில நாட்கள் பற்றி எரிந்தது. நோட்டுச் சண்டைக்கும் காயா சாவுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. ஒரு மொழிக்கு நோட்டில் எந்த வரி என்பது பிரச்சினை. இன்னொரு மொழிக்கு அதைப் பாடியவன் லாக்கப்பிலிருந்து உயிரோடு வெளியே வருவானா என்பது பிரச்சினை. 1989இல் ஏழாவது உலகத் தமிழ் மாநாடு மொரீஷியஸில்தான் நடந்தது. இங்கிருந்து போன அறிஞர்கள் மண்டபத்துக்குள் தமிழின் தொன்மையைப் பேசிவிட்டு வெளியே வந்து தேநீர் கேட்டிருப்பார்களே, அப்போது காதில் விழுந்த மொழியைப் பற்றித் திரும்பி வந்து விரிவாக எழுதிய யாரையும் நான் படித்ததில்லை.

எழுதினவர்கள் அங்கேயே இருந்தார்கள். தேவ் விராசாமி என்று ஒருத்தர், 1942இல் பிறந்து 2023இல் இறந்தார். வீராசாமிதான். தெலுங்கு வம்சாவளி. (பெயரைக் கேட்டதும் எங்கள் தெருவில் நாலு வீட்டுக் கதவு திறக்கும்.) எடின்பரோவில் மொழியியல் படித்தவர், இடதுசாரி அரசியலில் நின்று 1970இல் சட்டமன்றத்துக்கு ஜெயித்தவர், 1972இல் ஜெயிலுக்குப் போனவர். தன் மூதாதையர் மொழி தெலுங்கு என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு சௌகரியமாக இருந்திருக்கலாம். ஆங்கிலத்திலும் எழுதியிருக்கலாம். அவர் கிரியோலில் நாடகம் எழுதினார். 'லி' என்ற நாடகம் 1981இல் பிரெஞ்சு வானொலியின் போட்டியில் பரிசு வாங்கியது. அந்த 'லி' நான் மேலே சொன்ன அதே 'லி'தான்: அவன், அவள். ஷேக்ஸ்பியரை ஒவ்வொன்றாகக் கிரியோலுக்குக் கொண்டுவந்தார். கொண்டுவந்தார் என்றால் மொழிபெயர்த்தார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடாது, தன் ஊர்ச் சந்தையில் இறக்கிவிட்டார்.

1991இல் வந்த அவருடைய 'தூஃபான்' 'புயல்' நாடகத்தின் மறு ஆக்கம். இதை நான் ஆங்கிலம் வழியாகத்தான் படித்தேன். மூலத்தில் கலிபான் அரை மிருகம். எஜமானனின் மொழியைக் கற்றுக்கொண்டதில் தனக்குக் கிடைத்த லாபம் சபிக்கத் தெரிந்ததுதான் என்கிறவன். மார்த்தினிக்கின் எமே செசேர் 1969இல் அவனைக் கறுப்பு அடிமையாக, கலகக்காரனாக மாற்றி எழுதினார். விராசாமி வேறு வழியில் போகிறார். அவருடைய கலிபான் கலப்பில் பிறந்தவன், இயந்திரம் தெரிந்த தொழிலாளி. அவன் சபிப்பதில்லை, வேலை தெரிந்தவன், அவன் இல்லாமல் எதுவும் ஓடாது. லியர் அரசனின் மகள் கோர்தெலியா வேறொரு நாடகத்திலிருந்து இறங்கி வந்து அவனைக் காதலிக்கிறாள். கடைசியில் ராஜ்ஜியம் சுத்த ரத்தத்தில் பிறந்தவர்களுக்குப் போகவில்லை. செசேரிடம் எதிர்ப்பு இருக்கிறது. விராசாமியிடம் உரிமை இருக்கிறது. எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. எதிர்க்கிறவனுக்கு எதிரியின் முகம் எப்போதும் தேவைப்படுகிறது. கலிபானுக்குத் தன் மெஷின் போதும்.

தலைப்பையும் கவனிக்கணும். 'தூஃபான்' பிரெஞ்சிலிருந்து வந்ததில்லை, இந்துஸ்தானி. எங்கள் வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கிற பீகார் பையனிடம் 'தூஃபான்' என்று சொல்லிப் பார்த்தேன். வானத்தைப் பார்த்தான்.

இதே காலத்தில் மார்த்தினிக்கில் ழான் பெர்னாபே, பத்ரிக் ஷமுவாசோ, ராஃபாயல் கோன்ஃபியான் என்ற மூவர் 1989இல் 'கிரியோல்தன்மைக்குப் புகழாரம்' என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். ஒற்றை வேர் என்பதையே மறுத்த அறிக்கை. செசேரின் கறுப்பியம் கண்ணை ஆப்பிரிக்காவில் வைத்திருந்தது, இவர்கள் காலடி மண்ணைப் பார்க்கச் சொன்னார்கள். நல்லது. ஆனால் அந்த அறிக்கையை அவர்கள் எழுதியது பிரெஞ்சில். கிரியோலில் நாவல் எழுதிக்கொண்டிருந்த கோன்ஃபியானே 1988க்குப் பின் பிரெஞ்சுக்கு மாறினார், பரிசுகள் வந்தன. கூலிகளை மையமாக வைத்து அவர் நாவல் எழுதியது 2004இல்தான். அதுவரை 'நாய் தின்கிற கூலி' என்ற வசை கிரியோல் மொழிக்குள்ளேயே உயிரோடு இருந்தது. விடுதலையான அடிமைகளின் கூலியை உடைக்கத்தானே கூலிகளை இறக்கினார்கள், பகை வராமல் இருக்குமா? கலப்பு மொழி என்பதாலேயே ஒரு மொழி கள்ளங்கபடமற்றதாகிவிடாது. மொரீஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி 1992இல் 'கூலித்தன்மை' என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தபோது இந்த விடுபடலைத்தான் நிரப்ப முயன்றார். வசையையே கொடியாகப் பிடிப்பது. தலித் என்ற சொல்லின் வரலாறு தெரிந்த நமக்கு இது புதிதில்லை.

இவர்களுக்கெல்லாம் முன்னால் குவாதலூப்பில் ஒரு சிதம்பரம் இருந்தார். ஆன்ரி சிதாம்பரோம், 1863இல் அங்கேயே பிறந்தவர். 1904இல் இந்தியக் கூலிகளின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்போய் வழக்கில் மாட்டினார். இவர்கள் வெளிநாட்டார், ஓட்டுரிமை கிடையாது என்றது அரசாங்கம். இந்த மண்ணில் பிறந்தார்கள், எனவே இந்த மண்ணின் குடிமக்கள் என்றார் அவர். 1923இல் ஜெயித்தார். அவருடைய வாதத்தில் ரத்தம் இல்லை, தொப்புள்கொடி இல்லை, தொன்மை இல்லை. பிறந்த இடம் மட்டும் இருக்கிறது. இந்த வாதத்தை நம் பேச்சாளர் கேட்டால் கைதட்டுவார், சிதம்பரம் தமிழர் ஆயிற்றே. ஆனால் அதே வாதத்தை எங்கள் தெருவுக்கு எடுத்துக்கொண்டு வந்தால் மைக்கை அணைத்துவிடுவார்.

தமிழில் வந்தேறிகளின் மகத்தான நாவல் ஒன்று இருக்கிறது. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', 1976. தெலுங்கு பேசும் ஒரு கூட்டம் வடக்கிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்து, காட்டை எரித்து, கரிசலில் ஊர் உண்டாக்கிய கதை. அதைத் தமிழ் தன் சொத்தாக ஏற்றுக்கொண்டது, ஏற்றுக்கொள்ள வேண்டியதும்தான். தெலுங்கு வீட்டுக்காரர் ஒருவர் கரிசல் தமிழுக்கு அகராதி தொகுத்தார் என்பதைக் கிரியோல்தன்மைக்கு ஓர் உதாரணமாகவே சொல்லலாம். ஆனால் நிலம் திருத்தியவனின் இடப்பெயர்வு காவியமாகிறது. அவன் கிணற்றுக்குக் கமலை தைத்தவன், செருப்புத் தைத்தவன், செத்த மாட்டைத் தூக்கியவன், அதே மாதிரி ஒரு தெலுங்கைப் பேசிக்கொண்டு வந்தவன், அவனுடைய இடப்பெயர்வு வசையாகிறது. வந்தேறி என்ற சொல் பட்டா வைத்திருப்பவன்மேல் அவ்வளவாக ஒட்டுவதில்லை. கூட்டத்தில் கேட்ட இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் சோடாவோடு விழுங்கப்பட்டது எது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எங்கள் பேச்சைக் கிரியோல் என்று நான் சொல்லவில்லை. மொழியியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. கிரியோல் பிறக்க ஒரு பெரிய வெட்டு வேண்டும்: பழைய மொழிகள் எல்லாம் அறுந்துபோய், பிள்ளைகள் புதியதிலேயே பிறக்க வேண்டும். எங்களுக்கு அறுபடவில்லை, இழைந்துதான் இருக்கிறது. நான் கேட்பது வேறு. விராசாமி கிரியோலுக்குக் கொடுத்த இடத்தில் பாதியாவது, ஒரு சிறுகதையின் உரையாடல் அளவுக்காவது, எங்கள் வீட்டுப் பேச்சுக்கு நானே கொடுத்திருக்கிறேனா? இருபது வருஷமாக எழுதுகிறேன். என் கதைகளில் என் அம்மா சுத்தமான திண்டுக்கல் தமிழ் பேசுகிறாள். அவள் வாழ்நாளில் என்னிடம் தமிழில் பேசியது, கோபம் வந்த சில நாட்களில் மட்டும். வாத்தியாரின் சிரிப்பு என் எழுத்துக்குள் உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருக்கிறது.

வேடசந்தூரைச் சுற்றி, கரூர் ரோட்டிலும் வடமதுரைப் பக்கமும், நூற்பாலைகள் வரிசையாக நிற்கின்றன. முதலில் உள்ளூர்ப் பெண்பிள்ளைகள், பிறகு தென்மாவட்டத்துப் பிள்ளைகள், இப்போது ஒடிசா, பீகார், அசாம். ஷிப்ட் மாறும் நேரத்தில் டீக்கடையில் நின்று கேட்டால் 'பாபின் கதம் ஆச்சா', 'மெஷின் பந்த் பண்ணு, மேஸ்திரி ஆத்தா ஹை' என்று கலந்து கட்டிப் பேசுவார்கள். 'வடக்கன் தமிழைக் கெடுக்கிறான்' என்று பக்கத்தில் ஒருத்தர் முனகுவார். இதுவும் கிரியோல் இல்லை, வேலை நடக்கிற அளவுக்கு ஒரு பேச்சு, அவ்வளவுதான். ஏன் இதற்குமேல் வளரவில்லை என்றால் ஹாஸ்டல். ஆண்கள் ஒரு கட்டடம், பெண்கள் ஒரு கட்டடம், வாரத்துக்கு ஒருநாள் சந்தைக்கு வெளியே விடுவது. கரும்புத் தோட்டத்து முதலாளிக்குக்கூட லயத்தில் பிள்ளைகள் பிறப்பதைத் தடுக்கத் தோன்றவில்லை. இங்கே ஒரு மொழி பிறப்பதற்கான படுக்கையறையே கிடையாது.

எங்கள் தெருவுக்கு அடுத்த லைன் வீட்டில் மட்டும் ஒடியாக் குடும்பம் ஒன்று தனியாக வாடகைக்கு இருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஷிப்ட். ஐந்து வயதில் ஒரு பெண்குழந்தை, பகல் பூராவும் என் அக்கா வீட்டுத் திண்ணையில்தான். அக்கா பேரனோடு சேர்ந்து மதுரைவீரன் கோயில் வேம்படியில் விளையாடும். ஒன்று இரண்டு என்று தமிழில் எண்ணுகிறது. சண்டை இந்தியில். அக்கா சாப்பிடக் கூப்பிடுவது எங்கள் தெலுங்கில், அதற்கும் ஓடி வருகிறது. அது பேசுவதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன். இதுவரை பதினேழு வாக்கியம் சேர்ந்திருக்கிறது. நாலு வாக்கியத்தில் வினைச்சொல் எந்த மொழி என்று அக்காவுக்கும் தெரியவில்லை, அந்தக் குழந்தையின் அம்மாவுக்கும் தெரியவில்லை. அக்கா பேரன் மட்டும் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பதில் பேசுகிறான்.